கேத்தல் சின்னத்துக்குக் கொடுத்த முன் ஹோல்

சுனாமி வந்து சில வருடங்கள் கழித்து, கிழக்கில் சண்டை ஓய்ந்து வடக்கில் இன்னும் ஓயாமல் இருந்த காலம் அது. எங்கள் மாகாண சபைக்குத் தேர்தல் வந்தது. கல்முனைக்குப் பக்கத்தில் கடலோர ஊர் எங்களுடையது. அந்தத் தேர்தலில் யார் வென்றார், யார் தோற்றார் என்பதையெல்லாம் ஊர் எப்போதோ மறந்துவிட்டது. என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் தேர்தலின் பாதி, முன் ஹோல் என்று நாங்கள் சொல்லும் என் வீட்டு முன்கூடத்தில்தான் நடந்தது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். என் கணவரும் பாலமுனையிலிருந்து அப்படி வந்தவர்தான். கடலோரத்தில் இருந்த பழைய வீட்டையும் அதோடு என் உம்மாவையும் தங்கச்சியையும் கடல் கொண்டுபோனது. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். பிறந்த வீட்டுச் சொந்தம் என்று எனக்கு மிஞ்சியது மூத்த சகோதரரான காக்கா ஒருவர்தான். மெயின் ரோட்டோரம் இருந்த வளவில், கல் சுமந்து சீமெந்து குழைத்து இந்த வீட்டைக் கட்டித் தந்தவரும் அவரே. ஆகவே வீட்டில் தனக்குச் சொல் உண்டு என்று காக்கா நினைத்தார். குடியிருக்கிறவன் நான் அல்லவா என்று கணவர் நினைத்தார். காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் என்னுடையது. அது மட்டும் இருவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

தேர்தலில் என் கணவரின் பெரியும்மா மகன் பாலமுனையிலிருந்து நின்றார். காக்காவின் கூட்டாளி எங்கள் ஊரிலிருந்து நின்றார். எதிரெதிர்க் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே கட்சி, ஒரே சின்னம், ஒரே தலைவர். இலக்கம் மட்டும்தான் வேறு. கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, அந்தக் கட்சியில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். இருவருக்கும் ஆளுக்கொன்று போட்டால் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அடுத்த ஊர்க்காரனுக்குப் போடும் வாக்கு நம் ஊர்க்காரனைக் கவிழ்த்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் மற்றக் கட்சிக்காரனோடு சிரித்துக் கதைப்பவர்கள், சொந்தக் கட்சிக்காரனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

என் முன் ஹோல் ரோட்டைப் பார்த்தபடி இருந்ததுதான் வினையாகிப்போனது. கணவர் அதைத் தன் பெரியும்மா மகனுக்குத் தேர்தல் ஒப்பீஸ் போடத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதே வாரத்தில் காக்காவும் தன் கூட்டாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. விஷயம் வெளிவந்த அன்று வீடு இரண்டுபட்டது.

"உங்கட காக்காட ஆள்ர போஸ்டர் இந்தச் சுவரில ஏறினா, நான் பேக்க எடுத்துக்கிட்டு உம்மாட ஊட்ட போறன். பொறகு கூப்பிடவும் வேணா" என்றார் கணவர்.

மாலையில் காக்கா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"பாலமுனையான்ட ஒப்பீஸ இஞ்ச துறந்தா, இந்தப் படியில என்ட கால் படாது புள்ள. சொல்லிப்போட்டன்."

நான் குசினிக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கடலுக்குத் தப்பிய ஒரே உறவு ஒரு பக்கம், பிள்ளைகளின் வாப்பா மறுபக்கம். மாகாண சபை என்ன செய்யும், எங்கே கூடும் என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்காக இரண்டில் ஒன்றை நான் இழக்க வேண்டுமா என்று நெஞ்சு பொருமியது.

மறுநாள் காலை ஒரு மனிதர் வாசல் படலையில் நின்று ஸலாம் சொன்னார். வரிப்பத்தான்சேனை விவசாயி. சுயேச்சைக் குழு ஒன்றில் நிற்கிறாராம், சின்னம் கேத்தல், அதாவது தேநீர்க் கெண்டி. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைப் பற்றி ஒரு கட்சியும் வாய் திறக்காததால் தானே இறங்கிவிட்டதாகச் சொன்னார். கரையோரத்தில் ஒரு ஒப்பீஸ் போட இடம் தேடி ஊரெல்லாம் அலைந்தும் ஒருவரும் கொடுக்கவில்லை.

"ஒரு மூல தந்தாலும் போதும் மகள். ஒரு மேச போட்டா சரி."

"மூல என்னத்துக்கு? முழு ஹோலையும் எடுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று பெருமையடிக்க மாட்டேன். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது, இரண்டு பேருடைய மிரட்டலிலும் கேத்தலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று.

கணவர் கடையிலிருந்து திரும்பியபோது வாசலில் ஓர் ஆள் உயரத்துக்குக் கேத்தல் தொங்கியது. துணியில் படம் கீறியவன் மூக்கை நீட்டிப் போட்டதில் அது அரை யானையாகத் தெரிந்தது. கணவர் ரோட்டில் நின்று வீடு மாறி வந்துவிட்டோமோ என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். இது காக்கா செய்த சூழ்ச்சி என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பாலமுனையானின் சூழ்ச்சி என்று காக்கா முடிவுகட்டினார். ஆக, நெருப்பை அணைக்கப் போய் நான் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கேத்தல் ஒப்பீஸ் திறப்பு. சொந்த வயல் அரிசியில் சோறு, மாட்டிறைச்சிக் கறி, எருமைத் தயிர். ஹோலில் பாய் விரித்து சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஊரையே அழைத்திருந்தார் மனிதர். ஊர் ரோட்டின் மறுகரையில் நின்று வாசம் பிடித்ததே தவிர, யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று பயந்து உள்ளே வரவில்லை. கடைசியில் ஒரு சஹனுக்கே ஆள் தேறவில்லை. வேட்பாளர், அவருடைய மருமகன், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவின் டிரைவர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், அவ்வளவுதான்.

அதே நேரம் பின் வளவில் என் உயிர் போய்க்கொண்டிருந்தது. கணவர் பேக்கைக் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துவிட்டார். காக்கா கடைசி வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். முன்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னதால் பின்பக்கத்தால் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னை நடுவில் வைத்து ஏசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு கையில் ஜக்கும் மறு கையில் கைகழுவும் பேசினுமாக வேட்பாளர் பின்பக்கம் வந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை, சுகம் விசாரிக்கவில்லை. நேரே கணவருக்கு முன்னால் போய் பேசினை நீட்டி, தண்ணீரை ஊற்றத் தொடங்கினார். தண்ணீர் விழுந்ததும் கணவரின் கை தானாக நீண்டது. அடுத்தது காக்காவின் கை. எங்கள் ஊரில், விருந்து கொடுப்பவர் ஊற்றிய தண்ணீரில் கை கழுவியவன் சாப்பிடாமல் போவது அவரை முகத்தில் அடிப்பதற்குச் சமம். பகைவன் வீட்டில்கூட யாரும் அப்படிச் செய்ததில்லை.

"சோறு ஆறுது, வாங்க தம்பிமார். ரெண்டு இடம் சும்மா கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். ஈரக் கையோடு இருவரும் பின்னால் போனார்கள்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. கணவர் தயிரைப் பார்த்தார், காக்கா கூரையைப் பார்த்தார். மோதினார் மட்டும் உலகக் கவலை இல்லாமல் அள்ளிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த இறைச்சிக் குவியலை மருமகன் பிரித்துவிட்டபோது, நல்ல கொழுப்புத் துண்டு ஒன்று காக்காவின் பக்கம் வந்து விழுந்தது. காக்கா அதைப் பார்க்கவில்லை. மோதினாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, விரலால் அந்தத் துண்டைத் தள்ளி என் கணவரின் சோற்றுப் பக்கம் வைத்தார்.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு நல்ல துண்டைத் தள்ளிவிடுவது வாப்பாவின் பழக்கம். வாப்பாவுக்குப் பிறகு காக்கா அதை எடுத்துக்கொண்டார். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து எத்தனையோ சாப்பாட்டில் அப்படித் தள்ளியிருக்கிறார். அன்று கை தன்பாட்டில் செய்துவிட்டது. செய்த பிறகுதான் காக்கா குனிந்து பார்த்தார். கணவரும் பார்த்தார்.

"நீங்க தின்னுங்க மச்சான்" என்றார் கணவர்.

"எனக்குக் கொலஸ்ட்ரோல் எண்டு தெரியாதா? தின்னுங்க."

அவ்வளவுதான் பேச்சு. திரைச்சீலையை வாயில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை இருக்கிறதே, உம்மாவுக்குப் பிறகு அப்படி நான் அழுததில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்த பேக்கை நானே போய் அவிழ்த்து உள்ளே வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் வேட்பாளர் அதோடு விடவில்லை. பாவம், அவருக்கு எங்கள் சண்டையே தெரியாது. சோறு மிஞ்சக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. மாலையில் ஆட்டோவில் ஏறி, இந்த வீட்டு மாப்பிள்ளையும் காக்காவும் கேத்தலோடு சேர்ந்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டு போனார். அடுத்த நாளே பாலமுனையில் கணவரைக் கழற்றிவிட்டார்கள். எங்கள் ஊரில் காக்காவைக் கழற்றிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லாமல் இருவரும் தேர்தல் முடியும்வரை கேத்தல் ஒப்பீசில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். வாய்க்காலைப் பற்றி ஊரில் அவர்கள் அளவுக்கு வேறு யாரும் தெரிந்து வைத்திருக்கவில்லை.

முடிவு வந்தபோது பாலமுனையாரும் தோற்றார், எங்கள் ஊராரும் தோற்றார். அதே கட்சியில் மூன்றாவது ஊர்க்காரர் ஒருவர் சத்தமில்லாமல் சபைக்குப் போனார். கேத்தலுக்கு விழுந்த வாக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. அப்படியும் அந்த மனிதர் ஒரு சாக்கு அரிசியோடு நன்றி சொல்ல வந்தார்.

நான் யாருக்கு வாக்குப் போட்டேன் என்று கணவரும் காக்காவும் இன்றும் கேட்கிறார்கள். இருவரும் இதை வாசிப்பார்கள் என்பதால் இங்கேயும் சொல்லப்போவதில்லை. எந்தத் தேர்தல் வந்து வீட்டுக்குள் குரல் உயர்ந்தாலும் இப்போது நான் குசினிக்குள் போய் அழுவதில்லை. வாய் என்ன சபதம் போட்டாலும் கைக்கு அன்பு பழகியிருந்தால் அது போதும் என்று நம்பி, பேசினையும் ஜக்கையும் தேடத் தொடங்கிவிடுகிறேன்.