ராயப்பன் திரும்பிப் பார்க்கவில்லை

மாசிலாமணி கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. இவனோ சாந்தோம் குப்பத்தில் தங்கமான மனுஷன் என்று பெயரெடுத்தவன். பட்டாளத்தில் இருந்து வந்தவன், லஸ்ஸில் ஒரு வக்கீல் பங்களாவுக்குக் காவல். பதினேழு வருஷத்துக்கு முன்னால், துருக்கிக்காரனோடு நடந்த சண்டையில், பஸரா பக்கம் அதே குப்பத்துக் கூட்டாளி ராயப்பனைத் தன் துப்பாக்கியாலேயே சுட்டுக் கொன்றவன் என்பது மட்டும் குப்பத்தில் யாருக்கும் தெரியாது.

ஆற்றங்கரையில் முகாம். விடிகிற நேரம், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. மாசிலாமணிக்குப் பாராக் காவல். கரையோரமாக ஓர் உருவம் குனிந்து போயிற்று. மூன்று தடவை கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் சுட வேண்டும் என்பது சட்டம். கூப்பிட்டான். உருவம் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. சுட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால் ராயப்பன் கிடக்கிறான், தோளில் வீச்சு வலை.

வலையோடு தண்ணீருக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவன் திரும்பக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. குப்பத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. பட்டாளத்துச் சோறு இறங்காமல், கயிற்றைப் பிரித்துத் தானே வலை பின்னி மீனுக்குப் போன அந்தப் பைத்தியக்காரன், சண்டைக்கு நடுவிலும் வழக்கத்தை விடவில்லை. கூப்பிட்டது நம்ம ஆள்தானே, அவனுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பான். வேற்றூர்க்காரன் பாராவில் நின்றிருந்தால் ராயப்பன் பதில் சொல்லியிருப்பான். இதை நினைத்து நினைத்தே மாசிலாமணி பாதியாகிப் போனான்.

விசாரணை, கிசாரணை என்று எதற்கு வம்பு என்று அதிகாரி 'எதிரி சுட்டது' என எழுதி முடித்துவிட்டார். ஊருக்கு வந்த மாசிலாமணியும் ராயப்பன் பெண்சாதி தேசம்மாவிடம் அதையே சொன்னான். துருக்கிக்காரன் ஒளிந்திருந்து சுட்டான், என் மடியில்தான் உயிர் போயிற்று என்றான். மடியில் போனது நிஜம்.

அந்த ஒரு வார்த்தைக்காக தேசம்மா அவனை உடன்பிறந்தவனாக்கிக் கொண்டாள். மயிலாப்பூரில் மீன் விற்றுவிட்டு வரும்போது நல்ல மீனாக இரண்டை அவனுக்கென்று எடுத்து வைப்பாள். கல்லறைத் திருநாளன்று அவள் வீட்டில் முதல் சோறு அவனுக்குத்தான். அப்பன் முகம் பார்க்காத ஜெசிந்தா, "மாமா, மாமா" என்று அவன் காலைச் சுற்றியே வளர்ந்தாள். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்துத்தான் அவன் உள்ளே தள்ளினான். போகாமலும் இருக்க முடியவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

முப்பத்து நாலாம் வருஷம் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் கூடிற்று. பெண்ணைப் பீடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் கொடுக்கத் தகப்பன் வேண்டுமே.

"நீதான் நிக்கணும் அண்ணாத்தே. வேற யாரு கீறாங்க எங்களுக்கு?" என்றாள் தேசம்மா.

முட்டி வலி என்றான். வக்கீல் லீவு தரமாட்டார் என்றான். அவளே லஸ்ஸுக்கு நடந்துபோய் லீவு கேட்டு வாங்கி வந்துவிட்டாள், மகராசி. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டபோதெல்லாம் இவன் சட்டை நனைந்தது.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் போனான். தேசம்மா தனியாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுவதையும் சொன்னான். முறம் நின்றது.

"வலை தோள்ல இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"பதினேழு வருசமா நெஞ்சுல வச்சிக்கினு இருந்தே. இன்னிக்கு வந்து என் தலையில இறக்கிட்டே. உனுக்குப் பாரம் தீந்துச்சி. நான் யார்கிட்ட போய் இறக்குவேன், சொல்லு. எம் பொண்ணுகிட்டயா?"

அவனுக்கு அழுகை முட்டியது. "நாளைக்கு நான் வரல தேசம்மா. இனிமே இந்தப் பக்கமே வரல."

"வருவே. வரலன்னா மாமா எங்கன்னு அவ கேப்பா. நாளைக்கும் வருவே, ஒவ்வொரு திருநாளுக்கும் வருவே. நான் போடுற சோத்தத் துன்னுட்டுப் போவே. போ, போய்க் கோட்டத் தொவச்சிப் போடு."

வந்தான். ஜெசிந்தாவைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் கொடுத்தான். பந்தியில் சம்பந்தி மரியாதையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணோட நைனா பட்டாளத்துல பூட்டாராமே. எப்படிங்க ஆச்சி?"

மாசிலாமணி நிமிர்ந்தான். எதிரே தேசம்மா குழம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை.

"அண்ணாத்தேதான் கூட இருந்தாரு. துருக்கிக்காரன் சுட்டுட்டான். சொல்லு அண்ணாத்தே, அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்" என்றாள். சொல்லிக்கொண்டே அவன் இலையில் குழம்பை ஊற்றினாள்.

மாசிலாமணி சொன்னான்.