புக்ரா என்றால் நாளை

இது நடந்தது. குவைத்தில், ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில், போன வருடம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அமாவாசை, ஆந்தை, நாய் ஊளை எதுவும் கிடையாது. பட்டப்பகல். வெயில் நாற்பத்தொன்பது டிகிரி. பேய்க்குப் பகலில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இந்தப் பேய்க்குப் பகலில்தான் வேலை இருந்தது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பாண்டித்துரைக்குச் சொந்த ஊர் கமுதி பக்கம். வீடுகளுக்கு வைஃபை போட்டுக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக டெக்னீஷியன். கதை கட்டத் தெரியாத ஆள். சினிமா போட்டால் இடைவேளைக்கு முன்னாலேயே குறட்டை விடுவான். அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை.

அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது ஒரு மூன்று மாடி வில்லா. புதிதாகக் குடிவந்திருந்தவர் கீழக்கரை முகம்மது யூசுப். மனைவி ரம்ஸியா வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பவள். எந்த மூலையில் நின்றாலும் லைன் பறக்க வேண்டும், எந்த அறையிலும் செத்துப்போகக் கூடாது. அதுதான் ஆர்டர்.

காலை 9:10. கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்திய பாண்டித்துரை இறங்காமல் வீட்டையே பார்த்தான். அந்த வீட்டுக்கு அவன் ஏற்கெனவே வந்திருக்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே வேறொரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டு மேடம் அவனைக் கூப்பிட்டது லைன் போட அல்ல, லைனைப் பிடுங்க. வேலைக்காரப் பெண் ஒருத்தி வீட்டுச் சிறுவனிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி ஊருக்குப் பேசுகிறாளாம். ரூட்டரில் எந்தெந்த போன் இணைந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தான். மேடம் ஒரு பெயர் மேல் நகத்தை வைத்தாள். "திஸ் ஒன். கலாஸ்." இதோடு முடித்துவிடு என்று அர்த்தம்.

அவன் தடுத்துவிட்டான். ஒரு பட்டன்தான். வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாக, கம்பெனி வழக்கப்படி, திரையை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான்.

வெளியே வரும்போது மாடிப்படி ஓரத்தில் ஒரு பெண் தட்டில் தண்ணீருடன் நின்றாள். கண்ணாடி கிளாஸ். மூன்று ஐஸ் கட்டி. ராசம்மா என்று பெயர், இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம், வந்து இருபது நாள்தான் ஆகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சிம் கார்டை மேடம் வாங்கி வைத்துக்கொண்டாளாம். வைஃபை இருந்தால்தான் போன்.

"லைன் விழ மாட்டேங்குது தம்பி. எம் மக ஸ்கூல் விட்டு ரெண்டு பத்துக்கு வரும். இங்க பதினொன்னு நாப்பது. அந்த நேரந்தான் புள்ள தனியா இருக்கும். ஒருக்கா பாத்துத் தாங்களேன்."

தான்தான் அதை நிறுத்தினேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தண்ணீரைக் குடித்தான். பிறகு வளைகுடாவில் எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

"புக்ரா பாக்கலாம்க்கா."

"புக்ரான்னா?"

"நாளைக்கு."

புக்ரா என்றால் அரபியில் நாளை என்பது சரிதான். ஆனால் இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. இன்று இல்லை, நாளைக்கும் இல்லை, என்றைக்குமே இருக்காது, அதற்காகச் சண்டை வேண்டாம் என்று அர்த்தம். சம்பளம் கேட்டாலும் புக்ரா, லீவு கேட்டாலும் புக்ரா. இருபது நாளில் ராசம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கு மேல என் ரூமுக்கு வாங்க தம்பி, நான் தண்ணி எடுத்து வச்சிருப்பேன்" என்றாள்.

அவன் போகவே இல்லை. அவனுக்கும் ஊரில் பானுப்பிரியா என்று ஒரு மகள் இருக்கிறாள், தினமும் பேசுகிறான். பேசிவிட்டுப் போனை வைக்கும்போது சில நாள் அந்தத் தட்டு ஞாபகம் வரும். பிறகு அதுவும் மறந்துபோயிற்று.

இப்போது அதே வீடு. பாண்டித்துரை ஒவ்வொரு அறையாக நடந்து கணக்கெடுத்தான். மாடிக்கு ஒன்று வீதம் மூன்று வெள்ளைப் பெட்டிகள் வைத்தால் போதும். மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை பூட்டிக் கிடந்தது.

"அது ஸ்டோர் தம்பி. சாவி வீட்டுக்காரர்ட்ட இருக்கு. அங்க லைன் எதுக்கு? விட்டுருங்க" என்றாள் ரம்ஸியா.

ஸ்டோர் என்றே பிளானில் எழுதிக்கொண்டான். அது யாருடைய அறை என்று அவனுக்குத் தெரியும். அவள் ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

11:30-க்கு மூன்று பெட்டிகளும் எரிந்தன. வேகம் பிரமாதம். 11:35-க்கு ரம்ஸியாவின் போனில் ஆப்பைப் போட்டு விளக்கினான். "தெரியாத போன் எதுவும் வந்தா இந்தச் செவப்பு பட்டனை அமுக்குங்கக்கா. அப்புறம் அது உள்ளயே வராது." அவளுக்கு வகுப்பு இருந்தது. கீழே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் ஹாலில் டிவியோடு இருந்தார்கள். யூசுப் கடையில் இருந்தார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. வேலைக்கு யாரையும் இன்னும் வைக்கவில்லை.

கடைசியாக ஒரு முறை சரிபார்க்கப் பாண்டித்துரை பட்டியலைத் திறந்தான். ரம்ஸியா போன். டிவி. பிள்ளைகளின் டேப்.

இன்னொன்று.

பெயர் இல்லை. எண் மட்டும். உள்ளே வரப் பார்க்கிறது... பாஸ்வேர்ட் தவறு. மறுபடி வருகிறது... பாஸ்வேர்ட் தவறு.

மணி பார்த்தான். 11:40.

பக்கத்து வீட்டுப் போனாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் பக்கத்து வீட்டுச் சிக்னல் மெலிந்து வரும். இது பலமாக இருந்தது. மேல் மாடிப் பெட்டியைத்தான் தட்டிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணின் சிக்னலைத் தன் போனில் பிடித்துப் பார்த்துக்கொண்டே படியேறினான். ஏற ஏறச் சிக்னல் கூடியது.

முதல் மாடியில் இரண்டு கோடு. இரண்டாம் மாடியில் மூன்று.

மொட்டை மாடிக் கதவைத் திறந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. பூட்டிய அறை முன்னால் போய் நின்றான்.

முழுக் கோடு.

பூட்டு துருப்பிடித்திருந்தது. திறந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும்.

சரக்... சரக்...

செருப்புச் சத்தம். உள்ளே யாரோ அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்கள். லைன் கிடைக்காதவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்களே, அந்த நடை.

"யாரு?"

சத்தம் நின்றது.

அவனுக்கு என்ன தோன்றியதோ, தன் போனில் பழைய போட்டோக்களைத் தேடினான். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூலை. கிடைத்தது. தடுக்கப்பட்ட போன், ராசம்மா. எண்ணின் முடிவு 7194.

இன்றைய பட்டியலைப் பார்த்தான்.

7194.

11:46.

கதவுக்கு அந்தப் பக்கம், காது உயரத்தில், மெதுவாக...

"தம்பி... புக்ரா ஆயிருச்சா?"

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. "ஓடுறதுக்கு எனக்கு என்னண்ணே யோக்கியதை இருக்கு?" என்று என்னிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது அழுதான்.

பாஸ்வேர்டே இல்லாத ஒரு விருந்தினர் லைனைத் திறந்துவிட்டான்.

"ஆயிருச்சுக்கா."

11:47. இணைந்தது.

உள்ளே பேச்சுக் குரல் எதுவும் கேட்கவில்லை. திரையில் மட்டும் எண்கள் ஓடின. வீடியோ கால் போகும்போது ஓடுகிற அதே ஓட்டம். நான்கு நிமிடம் பதினோரு விநாடி. பிறகு நின்றது.

கிணிங்.

குனிந்து பார்த்தான். காலடியில் ஒரு தட்டு. கண்ணாடி கிளாஸில் தண்ணீர். மூன்று ஐஸ் கட்டி... நாற்பத்தொன்பது டிகிரி வெயிலில், ஒரு ஓரம்கூடக் கரையாமல்.

குடித்தான். குடிக்காமல் கீழே இறங்க அவனுக்கு மனம் வரவில்லை.

12:05-க்கு வகுப்பு முடித்து வந்த ரம்ஸியாவிடம், "மேல தண்ணி வச்சீங்களாக்கா?" என்று கேட்டான். "நான் எங்க தம்பி மேல வந்தேன்?" என்றாள். கையெழுத்து வாங்கினான். கம்பெனி விதிப்படி ரூட்டருக்கான தன் அனுமதியை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் அவள் போனுக்கே மாற்றிக் கொடுத்தான். விருந்தினர் லைனை மட்டும் மூடவில்லை.

பக்கத்து வில்லாவில் வேலுச்சாமி டிரைவர், புதுக்கோட்டைக்காரர். பழைய ஆள். நிழலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். பாண்டித்துரை நேராக அவரிடம் போனான்.

"அண்ணே, இங்க ராசம்மான்னு ஒரு சிலோன் அக்கா இருந்தாங்களே..."

வேலுச்சாமி துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சுப்பா. இதே ஜூலைதான். வீட்டுல லைனைப் புடுங்கிட்டாங்கன்னு, எங்க வீட்டு லைன் கிடைக்குமான்னு தெனம் தண்ணித் தொட்டி மேல ஏறி நிக்கும். பதினொன்னு நாப்பதுக்கு ஏறும். கொதிக்கிற வெயிலு. எறங்கும்மான்னு கத்துவேன். 'இன்னிக்கு மட்டுந்தான் அண்ணே, நாளைக்கு ஒரு தம்பி வந்து போட்டுத் தர்றேன்னுருக்கு'ன்னு சொல்லும். மறுநாளும் அதையேதான் சொல்லும். ஒன்பது நாள் சொல்லிச்சு. பத்தாம் நாள் சாயங்காலம் தொட்டிக்கிட்ட கெடந்துச்சு. வெயில் அடிச்சிருச்சுன்னாங்க."



உடலை ஊருக்கு அனுப்ப அலைந்தவர்களில் வேலுச்சாமியும் ஒருவர். ராசம்மா வீட்டு நம்பர் அவரிடம் இருந்தது. பாண்டித்துரை கெஞ்சிக் கேட்டு, அவர் போனிலிருந்தே கூப்பிட்டான். எடுத்தது ராசம்மாவின் மகள் தர்மிகா. பதினான்கு வயது. சித்தியோடு இருக்கிறாள். நம்பரைப் பார்த்து வேலுச்சாமி என்றே நினைத்துக்கொண்டு, அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"மாமா, அம்மா எனக்குக் கோல் எடுத்துப் பேசினாங்க. இப்பதான். ரெண்டே கால் இருக்கும்."

பாண்டித்துரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சித்தி நம்ப மாட்டேங்குறாங்க மாமா. அம்மா பேருதான் வந்துச்சு. படம் தெரியல, ஒரே வெளிச்சம். ஸ்கூல் போனியா, சாப்டியான்னு கேட்டாங்க. ஒரு தம்பி லைன் போட்டுக் குடுத்துருச்சு, இனிமே தெனம் எடுக்குறேன், நாளைக்கு இதே நேரம் போனுக்கிட்டயே இருன்னாங்க."

பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"அம்மாவோட போன் இங்க அலுமாரியில இருக்கு மாமா. பெட்டியோட அனுப்பின நாள்ல இருந்து செத்துத்தான் கெடக்கு. எப்புடி மாமா?"

"போனுக்கிட்டயே இரும்மா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் புதன்கிழமை. வேறொரு சைட்டில் இருந்தான். 11:49-க்குப் போன் அடித்தது. ரம்ஸியா.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியே தெரியாத போனு ஒண்ணு நேத்து உள்ள வந்திருக்கு. ராத்திரி பாத்தேன், செவப்பு பட்டனை அமுக்கிட்டேன். இப்ப பதினொன்னு நாப்பதுல இருந்து விடாம முட்டிக்கிட்டே இருக்கு. ஒண்ணும் ஆயிராதே?"

"அக்கா... அதைத் தொறந்து விடுங்கக்கா. ஒரு அஞ்சு நிமிசம். தெனமும் அஞ்சே நிமிசம். உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

"யாரு போன் தம்பி அது?"

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. யாருடைய போன் என்று அவன் எப்படிச் சொல்வான்?

"நான் நேர்ல வரேங்க்கா. இப்பவே வரேன்."

"இப்ப வேணாம் தம்பி, கிளாஸ் நடக்குது." ரம்ஸியா நல்லவள்தான். குரலில் கோபமே இல்லை. பதினைந்து வருடமாக வளைகுடாவில் இருப்பவள், எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"புக்ரா பாக்கலாம்."

அவள் வைத்தபோது மணி 11:52. ஹட்டனில் 2:22.