காலும் அரையும்

எங்கள் பக்கத்தில் பள்ளித் தேர்வுகளுக்கு வைத்த பெயர்கள் கால் பரீட்சை, அரைப் பரீட்சை, முழுப் பரீட்சை. முதல் இரண்டும் மிரட்டுவதற்கு, மூன்றாவதுதான் நிஜம் என்று தூத்துக்குடியில் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். 2020 ஜூன் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை நானும் நம்பினேன்.

அப்பாவின் தங்கை, என் மாமி, அந்த நம்பிக்கையிலேயே பாடம் நடத்தியவள். பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு அவள்தான் கணக்கு டீச்சர். அரைப் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாவிட்டால் மூன்று மார்க் போய்விடும், விடைக்குப் பின்னால் 'செ.மீ.' இல்லாவிட்டால் ஒன்று போய்விடும். "இப்ப பயந்தாத்தான்ளா முழுப் பரீட்சையில அள்ளுவிய" என்பாள். வகுப்பு முழுவதற்கும் குறைத்தாள். அண்ணன் மகளுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குறைத்தாள். கால் பரீட்சையில் இரண்டாம் ரேங்க் வாங்கிய நான் அரைப் பரீட்சையில் ஒன்பதாம் ரேங்க் ஆனேன். 'பி' பிரிவு சார் தாராளமானவர். அவருடைய பத்தாம் ரேங்க் பிள்ளை கணக்கில் என்னைவிடக் கூட வாங்கியிருந்தாள். அப்போது அது எங்களுக்கு வெறும் வேடிக்கை.

ஊரடங்கில் தள்ளித்தள்ளிப் போன தேர்வை அன்று ரத்து செய்தார்கள். டிவியில் அறிவிப்பு ஓடியதும் தெருவில் பையன்கள் "ஆல் பாஸ்! ஆல் பாஸ்!" என்று சைக்கிளில் சுற்றினார்கள். அடுத்த வரியையும் வாசித்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து எண்பது சதவீதம், வருகைப்பதிவுக்கு இருபது. பதினொன்றில் கணக்கு உள்ள முதல் குரூப் எங்கள் பள்ளியில் ஒரே வகுப்பு, இரண்டு பிரிவுக்கும் சேர்த்து மார்க் வரிசைப்படிதான் இடம். அது கிடைத்தால்தான் மரைன் இன்ஜினியரிங் படிக்க முடியும்.

அப்பா சரக்குக் கப்பலில் மாலுமி. மாற்று ஆள் வர வழியில்லாமல், ஒப்பந்தம் முடிந்தும் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரத்தில் கிடந்தார். போனில் செய்தியைக் கேட்டுச் சிரித்தார்.

"காலும் அரையும் முக்கால்தானளா? மிச்சக் காலு எங்கன?"

"அது பெஞ்சில உக்காந்ததுக்குப்பா."

"அப்பம் நீ உக்காந்தே பாஸாயிட்ட!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரியெல்லாம் அளவுத்திட்டம் எழுதாமல் விட்ட கிராப்பும் செ.மீ. எழுதாத விடைகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சில பள்ளிகளில் ரேங்க் கார்டையே புதிதாக எழுதுகிறார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா மாமியின் ஸ்கூட்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்திருந்த விடைத்தாள்களையும் ரேங்க் கார்டுகளையும் பள்ளி திரும்பக் கேட்டது. பஸ் இல்லாததால் மாமியே வீடுவீடாகப் போய் வாங்கினாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. தோள்பை தாள்களால் உப்பியிருந்தது.

"என்ன டீச்சரம்மா, வீட்டுக்குள்ள வரமாட்டியளோ?" என்றாள் அம்மா.

"நாலு வீடு ஏறி இறங்குதேன் மைனி. வேண்டாம்."

நான் தாளை நீட்டினேன். அம்மா போனையும் நீட்டினாள். ஸ்பீக்கரில் அப்பா இருந்தார். இருவரும் முன்பே பேசி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏளா, அந்தக் கிராப்புக்கு மூணு மார்க்கைக் குடுத்திரு. நான்தான் கரை தெரிஞ்சும் இறங்க முடியாமக் கிடக்கேன். பிள்ளையாவது கரையேறட்டும்."

மாமி ஸ்கூட்டி சீட்டின்மேல் தாளை விரித்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திருத்திவிடுவாளோ என்று பயம். திருத்தாமல் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயம். தெருவில் யாராவது வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு பயம். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. பேனா பிடித்த அவள் கை நடுங்கியது. வெளியே சுற்றியதால் மாமிக்கு நோய் தொற்றிவிட்டதோ என்று நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவள் அதைக் கவனித்தாள்.

"அண்ணே, இவளுக்குப் போட்டா மத்த பிள்ளையளுக்கு யாரு போடுவா?"

"அவுக உங்கிட்ட கேட்டாகளா?" என்றாள் அம்மா.

மாமி பேனாவை மூடித் தாளை மடித்துப் பையில் வைத்தாள். வண்டி இரண்டு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. போனில் கடல் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, முடிவு செல்போனுக்கு வந்தது. மாமி போட்ட மார்க்கிலிருந்து வரவேண்டியது அப்படியே வந்திருந்தது. முதல் குரூப் எனக்கு முன்னாலேயே நிரம்பிவிட்டது. நான் வணிகவியலில் சேர்ந்தேன். அம்மா இரண்டு வருஷம் மாமியோடு பேசவில்லை.

கல்லூரி முடித்த பிறகு பழைய 'ஏ' பிரிவுத் தோழி ஒருத்தியைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, "தாள் வாங்க வந்த அன்னைக்கு உங்க மாமி கையைப் பிடிச்சுக்கிட்டு எங்கம்மா அழுதா. அவுக பேனாவைக்கூட எடுக்கல" என்றாள். இன்னொருத்தி வீட்டில் அவள் அப்பா ஏசி அனுப்பினாராம். வேறொரு வீட்டில் கதவையே திறக்கவில்லையாம். ஒரு கிராப், ஒரு செ.மீ., ஒரு மூன்று மார்க் என்று எல்லா வீட்டிலும் அதையே கேட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மாமி எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறாள். அவள் போன வீடுகளில் எங்களுடையதுதான் கடைசி.

அந்த வீடுகளில் எங்கேயும் கழற்றாத பேனா மூடியை மாமி எங்கள் வாசலில் கழற்றினாள். போட்டுவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவள் கை நடுங்கியது என்று பதினைந்து வயதில் எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். அவள் போனதும் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.