எந்தக் கைக்கு இந்தக் கத்தி

"உங்கம்மாவுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

ஜப்பானின் சக்காய் நகரக் கடைத்தெருவில் கத்திக்கடை வைத்திருக்கும் மாகினோ அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருடம் அம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பாட்டுக் குச்சிகளை வலது கையில்தான் பிடிப்பாள். எழுதுவதும் வலது கையில்தான். ஆனால் கதவைத் திறப்பது, பந்தை எறிவது, என் தலையில் குட்டுவது எல்லாம் இடது கை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "வலதுதான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வலதுதான் அக்கா."

பள்ளி முடித்து, பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. என் சம்பாத்தியத்தில் அம்மாவுக்கு வாங்கிய முதல் பொருள் அந்தக் கத்தி.

அம்மாவின் பெயர் யசுயோ. கவாசே மீன்கடையில் பத்தொன்பது வருடமாகச் செதில் உரிக்கிறாள், குடல் எடுக்கிறாள், மீனைப் பிளக்கிறாள். சஷிமிப் பலகைக்கு மட்டும் அவளை விட்டதில்லை. பச்சை மீனைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கும் இடம் அது. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்பது அங்கேதான். அந்தப் பலகையில் நின்ற பெரியவர் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும், முதலாளி கவாசே ஒரு முடிவு சொன்னார். டிசம்பர் முதல் ஞாயிறு, கடை திறக்கும் முன், ஆளுக்கு ஒரு தட்டு கடல்பிரீம் மீன் வெட்ட வேண்டும். எவருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்குப் பலகை. பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் முதலாளியின் தங்கை மகன் கெய்தா. இன்னொருவர் அம்மா. அதற்காகத்தான் கத்தி வாங்கப் போனேன்.

நான் வாங்கிக் கொடுத்த கத்தியை அம்மா துணியிலிருந்து எடுத்தபோது அவள் முகம் மலர்ந்தது. பிறகு இடது கைக்கு மாற்றிப் பிடித்தாள். முகம் கொஞ்சம் மாறியது.

"பிடி குத்துதுடி" என்றாள்.

பிடியின் ஒரு பக்கத்தில் மெல்லிய முகடு இருந்தது. வலது கை விரல்கள் மடங்கும் இடத்தில் அது பொருந்தும். இடது கையில் உள்ளங்கையைக் குத்தும். அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. அம்மா பிறவியிலேயே இடது கைக்காரி. சின்ன வயதில் அவள் அப்பா குச்சியையும் பென்சிலையும் வலது கைக்கு மாற்றிவிட்டார். கடையில் எல்லாமே வலது கைக் கத்தி என்பதால் வேலையையும் வலது கையிலேயே பழகிக்கொண்டாள். செதில் உரிக்கவும் பிளக்கவும் அது போதும். சஷிமிக்குப் போதாது.

"இப்பத்தான் ஞாபகம் வருது, வீட்ல முள்ளங்கிய இடது கையாலதானே சீவுற? ஒரு கோணலும் இல்லையே."

"அது ரெண்டு பக்கமும் சாணை பிடிச்ச கத்தி. எந்தக் கையில குடுத்தாலும் ஒழுங்கா போகும். இது ஒரு பக்கம் மட்டும் பிடிச்சது. பாரு."

மீனில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். கத்தி நேராக இறங்காமல் உள்பக்கம் சரிந்தது. துண்டு ஒரு ஓரம் தடித்து, ஒரு ஓரம் காகிதம் போல வந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பக்கம் சாணை பிடித்திருப்பதுதான் குறை என்றால், மறுபக்கத்தில் நானே பிடித்துவிட்டால் போயிற்று. அம்மா வேலைக்குப் போயிருந்த மூன்று மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சாணைக்கல்லில் கத்தியின் தட்டையான பின்பக்கத்தைத் தேய்தேய் என்று தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் போனது. விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. அம்மா வெட்டிப் பார்த்தாள். முதல் மீன் வெண்ணெய் மாதிரி போனது. இரண்டாவதில் கத்தி வழுக்கியது. மூன்றாவதில் விளிம்பே மடங்கிவிட்டது.

கடைக்குக் கொண்டுபோனதும் மாகினோ அக்கா அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள்.

"ஏன்டி, இரும்பால மீன் வெட்டப் பாத்தியா?"

"கத்தின்னா இரும்புதானே?"

"முன்னால இருக்கறது மெத்து இரும்பு. பின்னால ஒட்டியிருக்கறதுதான் எஃகு. வெட்டறதே அதுதான். நீ அதப் போயி ராவி எடுத்திருக்க. இடது கைக்காரங்களுக்கு அடிக்கும்போதே எஃக மாத்தி ஒட்டுவாங்க. நீ தேய்ச்சா மாறுமா?"

பக்கத்தில் நின்ற அம்மாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. செப்டம்பர் பாதி ஆகியிருந்தது.

இந்த முறை அம்மாவே தேர்ந்தெடுத்தாள். இடது கைக் கத்தி கடையில் இரண்டே இருந்தன. நீளமானதை எடுத்து நீட்டினாள் அக்கா.

"பலகையில நிக்கறவங்க எல்லாம் இதத்தான் கேப்பாங்க."

"அவங்க உயரம் என்ன, என் உயரம் என்ன? இதை முழுசா இழுத்தா என் முழங்கை சுவத்துல இடிக்கும்." குட்டையானதை எடுத்து, மீனே இல்லாத பலகையில் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை இழுத்தாள். "இதுதான். கையில இருக்கறதே தெரியல."

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் எங்கள் வீட்டில் தினமும் கொன்னியாக்குக் குழம்பு. அந்தக் கிழங்குக் கட்டி வழவழவென்று இருக்கும். கத்தி கொஞ்சம் சரிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அம்மா அதில்தான் பழகினாள். நாலு இழுப்புக்கு ஒரு தடவை ஈரத்துணியில் துடைப்பாள், உடனே காய்ந்த துணியில். புளிப்பு பட்டால் துருப்பிடிக்கும் என்று எலுமிச்சை வெட்ட விடமாட்டாள். வேலை முடிந்ததும் கழுவி, வெந்நீர் ஊற்றி, பிடி சேரும் இடம்வரை ஒற்றியெடுத்து, செய்தித்தாளில் சுற்றி வைப்பாள். வாரம் ஒருமுறை சாணை. சாய்ந்த முகத்தைப் பொறுமையாகத் தேய்ப்பாள். பின்பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இரண்டே தேய்ப்பு.

"இங்க கை வைக்காதேன்னு உனக்குச் சொல்லணுமா?"

"வேணாம்."

டிசம்பர் முதல் ஞாயிறு நானும் கடைக்குப் போனேன். கெய்தா முதலில் வெட்டினான். வேகமான கை. அழகாகத்தான் இருந்தது. அம்மா செய்தித்தாளைப் பிரித்ததும் அவன் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, புதுக்கத்திங்கறீங்க, அதுக்குள்ள நீலம் பாஞ்சு கெடக்கு. துருவா?"

முதலாளி விரலால் கத்தியைத் தடவி, விரலைப் பார்த்தார். "துருன்னா கையில ஒட்டும்டா. இது துடைச்சுத் துடைச்சுப் படிஞ்ச நிறம். உன்னோடத எடு." கெய்தாவின் கத்தியில் பிடியை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது. அவன் கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டான்.

அம்மா கத்தியை இடது கையில் எடுத்தாள்.

"யசுயோ, அந்தக் கையா?" என்றார் முதலாளி. "துண்டெல்லாம் எதிர்ப்பக்கம் சாயுமே. தட்டு பாக்க நல்லாவா இருக்கும்?"

"வெட்டி முடிச்சதும் சொல்லுங்க முதலாளி."

கத்தியின் அடியில் தொடங்கி நுனிவரை ஒரே இழுப்பு. நிறுத்தல் இல்லை, இரண்டாம் இழுப்பு இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒரே தடிமன், ஓரங்கள் கண்ணாடித் துண்டு போலக் கூர்மை. நாலு துண்டுக்கு ஒரு துடைப்பு. தட்டில் அடுக்கியபோது முதலாளி சொன்னது போலவே எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றன. அம்மா கடைசித் துண்டை வைத்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்து அரைச் சுற்று சுற்றி முதலாளி பக்கம் தள்ளினாள். துண்டுகள் எல்லாம் வழக்கமான பக்கம் சாய்ந்திருந்தன.

கெய்தாதான் முதலில் சிரித்தான். "போச்சு, நான் குடல் எடுக்கவே போறேன்."

முதலாளி ஒரு துண்டைச் சாப்பிட்டார். இன்னொன்றும் சாப்பிட்டார். பிறகு சஷிமிப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். "டேய், அந்தப் பக்கம் தூக்கு. இடது ஓரத்துல போடுவோம். நடுவுல நின்னா அடுத்தவன் முழங்கையில இடிக்கும் இவளுக்கு."

பத்தொன்பது வருடமாக நகராத பலகை நகர்ந்தது. புத்தாண்டுக்கு முந்தின நாள் அம்மா அங்கே நின்று நூற்றுப் பன்னிரண்டு தட்டு வெட்டினாள். இடது கையால். கண்ணாடிக்கு வெளியே வரிசை தெருமுனைவரை போனது.

நான் கெடுத்த கத்தி இப்போது பார்சல் பிரிக்க உதவுகிறது. மாகினோ அக்கா கேட்ட கேள்விக்கு இன்று யார் கேட்டாலும் பதில் சொல்வேன். யாருக்காவது கத்தி வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு வாரம் அவர் கையைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த இடது கைக்காரர் எவரேனும் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால், என் அம்மாவின் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.