அம்மாவின் தனி அறை

எலக்ட்ரீஷியன் வேலையில் முப்பது வருஷம் ஓட்டியவர் அவர். கூட வேலை செய்கிறவர்களுக்கு ‘வயர் அண்ணன்’. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஸ்விட்ச் போர்டைத்தான் பார்ப்பார். “எங்க கல்யாணத்தன்னிக்கே மண்டபத்து விளக்கைத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு” என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அவருக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா, அவரையும் தங்கையையும் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, ரயிலில் ஒரு நாள் தூரத்திலிருந்த நகரத்துக்குச் சமையல் வேலைக்குப் போனார். பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரின் வீடு. ஒன்பது வருஷம் அங்கேதான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். “அங்க எனக்குத் தனி ரூம்டா” என்பார்.

சித்தி வீட்டில் ஏழு பேருக்கு ஒரே அறை. அம்மா மட்டும் சொகுசாக இருக்கிறாள் என்று பிள்ளைகளுக்குப் பொருமல். அவருக்கு வளர்ந்த பிறகும் அது அடங்கவில்லை. அம்மா இப்போது அவரோடுதான் இருக்கிறார். சாப்பாடு, மருந்து எதிலும் அவர் குறை வைத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசமாட்டார், அவ்வளவுதான்.

போன வருஷம் மனைவியோடு அந்த நகரத்துக்குச் சுற்றுலா போனார். அந்தக் கட்டடக் கலைஞரின் வீடு இப்போது அருங்காட்சியகம். “அத்தை இருந்த வீடு. பாக்காம வரலாமா?” என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. படிக்கட்டில் படிக்குப் படி மறைவிளக்கு. பூச்சாடி வைக்கிற மாடத்துக்குக்கூடத் தனி லைட் பாயின்ட். “இருட்டே இல்லாத வீடுன்னு இதைச் சொல்வாங்க சார்” என்றாள் சுற்றிக்காட்டிய பெண்.

“சமையல்காரம்மா ரூம் எதும்மா?”

“அப்படி ஒண்ணு பிளான்லயே இல்லையே சார்.”

அவர் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார். “நீ எங்கம்மா படுத்திருந்தே?”

“சமையல்கட்டு தாண்டி, மாடிப்படிக்கு அடியில. சின்னக் கதவு ஒண்ணு இருக்கும்.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே போய்ப் பார்த்தார். கதவு இருந்தது. மேலே ‘சாமான் அறை’ என்று பலகை. திறந்தார். ஜன்னல் இல்லை. சுவரைத் தடவினார், வயர் போன தடம்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தார். நீளம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அம்மா அவரைவிட உயரம். ஒன்பது வருஷமும் முழங்காலை மடக்கித்தான் படுத்திருக்க முடியும்.

கதவைச் சாத்தப் போனபோதுதான் தாழ்ப்பாளைப் பார்த்தார். அது வெளிப்பக்கம் இருந்தது.

“அம்மா, தாழ்ப்பாள் ஏன் வெளியில இருக்கு?”

“விருந்தாளிங்க ராத்திரி தங்கினா போட்டுடுவாங்கப்பா. பாத்ரூம்னு நெனச்சு யாராவது திறந்துடக் கூடாதில்ல.”

“அப்ப நீ எங்க இருப்பே?”

“உள்ளதான். வேற எங்க இருப்பேன்?”

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்; வாங்கக்கூடத் தோன்றவில்லை. விஷயம் தெரிந்ததும் சுற்றிக்காட்டிய பெண் வெளிறிப்போனாள். “ஆறு வருஷமா இந்தக் கதவைத் தாண்டித்தான் சார் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். பார்வையாளர் குறிப்பேட்டைக் கொண்டுவந்து அவளே அவர் கையில் கொடுத்தாள். “இது சாமான் அறை இல்லை. என் அம்மா ஒன்பது வருஷம் படுத்திருந்த இடம்” என்று எழுதினார். மேற்கொண்டு பேனா ஓடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து கடிதம் வந்தது. பலகையை மாற்றப்போகிறார்களாம், அம்மாவைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சந்தோஷப்படுவார் என்று நினைத்து அம்மாவிடம் படித்துக் காட்டினார்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “யாரைக் கேட்டு எழுதினே? நான் அடைஞ்சு கிடந்ததை ஊரே வந்து பாக்கணுமா?”

அப்படி ஒரு கோபத்தை அவர் அம்மாவிடம் பார்த்ததே இல்லை. தப்பு செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. பதில் எழுதாமல் கடிதத்தை மடித்து வைத்தார்.

இரண்டு நாள் அம்மா பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, அவர் பழைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா அழுவீங்கன்னுதான் தனி ரூம்னு சொன்னேன்” என்றார். “இன்னும் என்ன தெரியணும்? கேளு, சொல்றேன்.”

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அன்று வேலைக்குப் போகவில்லை.