பாத்ரூம் சுவரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி

கடலுக்குப் போகிற ஆள் எட்டுக்கால் பூச்சியைக் கண்டு ஓடினால் ஊர் சும்மா விடுமா? தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் என்னை யாரும் விட்டதில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகைக் கிளப்பும் சமயத்தில் ஒருமுறை, சுக்கான் பிடிக்கிற வீல்ஹவுஸ் கதவைத் திறந்தேன். மேலிருந்து ஒன்று பிடரியில் விழுந்தது. அடுத்த நொடி நான் தண்ணீரில் கிடந்தேன், என் லுங்கி படகிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து மீன் ஏலம் விடுகிற இடத்தில் நான் யாரிடமாவது குரலை உயர்த்தினால் போதும். "தோ, உன் தோள்ல ஒண்ணு ஊருது பாரு" என்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனாலும் முதலில் தோளைத் தட்டிவிட்டுத்தான் கோபப்படுவேன்.

ஏன் இந்தப் பயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வலையில் ஏறி வருகிற கடல்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வீசியிருக்கிறேன். படகு செங்குத்தாக ஏறி இறங்கிய காற்றில் பீடி பற்றவைத்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை. சுவரில் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று ஓடுமே, அந்த ஓட்டம்தான் எனக்கு ஆகாது.

என் மனைவிக்கு அந்தக் கவலை கிடையாது. அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே என் லட்சணம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். வீட்டில் எட்டுக்கால் பூச்சி தென்பட்டால் நான் வாசலுக்குப் போய்விடுவேன். அவள் பழைய பேப்பரில் ஏந்தி, "வா கண்ணு, இங்க ஒருத்தர் உன்னப் பாத்தா மயங்கி வுழுந்துடுவாரு" என்று கொண்டுபோய் வெளியில் விடுவாள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வந்தால் நான் தூர நின்று ஸ்பிரே அடிப்பேன். பாதி டப்பா காலியாகும்.

எங்களுக்கு இரண்டு முறை பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஸ்பிரே அடிச்சு அடிச்சு எத்தினி உசுர எடுத்தியோ மாப்ள" என்றாள். பழி போடுகிற ஆள் இல்லை அவள். துக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது புருஷன்காரன் ஓர் உயிரை எடுக்கக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, பிணத்தின் பின்னால் போகக் கூடாது, கடலில் முழுகக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு பெரிய வரிசையே உண்டு. அதை அப்படியே கடைப்பிடித்தால் மீனவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் எங்கள் ஆட்கள் தொழிலை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. கடலில் எத்தனை மீன் செத்தாலும் தோஷமில்லை. கரையில் ஓர் எறும்பை நசுக்கினாலும் தோஷம்தான்.

கர்ப்பப்பை வாய் பலமில்லாமல் இருக்கிறது, அதுதான் காரணம், யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். டாக்டரம்மா சொன்னதைக் காது கேட்டது. அத்தை சொன்னதை மனசு பிடித்துக்கொண்டது. ஸ்பிரே டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

மூன்றாவது முறை அவள் கர்ப்பமானபோது, சித்திரை பிறந்ததும் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். படுத்தே இருக்க வேண்டும், பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம், குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினேன். அதே நேரத்தில் தடைக்காலமும் தொடங்கியது. படகுகள் கரையில் நின்றன. காலையில் சோறு ஆக்கி வைத்துவிட்டு, படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவேன். சாரம் பக்கம் தெருத் தெருவாக மீன் விற்கிற அத்தை, பகல் விற்பனை முடிந்ததும் வந்து மகளோடு இருப்பாள். மத்தபடி வீட்டு வேலை முழுக்க என்னுடையது. பாத்ரூம் கழுவுவது உட்பட.

ஒருநாள் மனைவி பாத்ரூமிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டாள்.

"மாமா, உள்ள ஒருத்தி வந்து உக்காந்திருக்கா. அவளும் முழுகாம இருக்கா."

எட்டிப் பார்த்தேன். குழாய்க்கு மேலே, உள்ளங்கை அளவுக்குக் காலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வலை கட்டாமல் சுவரில் அலைந்து இரை பிடிக்கிற பழுப்பு ஜாதி. வயிற்றுக்கு அடியில் ஒரு வெள்ளை வட்டு, சட்டைப் பொத்தானைவிடப் பெரியது. முட்டைப் பை. அதைக் காலால் அணைத்துப் பிடித்திருந்தது. என் கால் தானாகப் பின்னால் வந்தது.

"வெளிய வுட்டுட்டு வர்றேன், பேப்பர் குடு" என்றாள் மனைவி.

"நீ எழுந்திருச்சா கால ஒடப்பேன்" என்றேன்.

"அப்ப நீ எடுத்து வுடு."

நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போவட்டும். அவளும் பெட் ரெஸ்ட்ல இருக்கா போல" என்றாள்.

இப்படித்தான் அது எங்கள் வீட்டில் தங்கியது. முதல் சில நாட்கள் நான் குளித்த குளியலைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். முகத்துக்குச் சோப்பு போட்டால் கண்ணை மூட வேண்டுமே என்று முகத்துக்குச் சோப்பே போடவில்லை. முதுகைக் கதவுக்குக் கொடுத்து, கண்ணை அதன்மேல் வைத்து, தண்ணீர் அந்தப் பக்கம் தெறிக்காமல் ஊற்றிக்கொள்வேன். பினாயில் விடவில்லை. தரையைத் தேங்காய் நாரால் தேய்த்தே கழுவினேன். வெளியே வந்ததும் மனைவி கேட்பாள்.

"இருக்காளா?"

"இருக்கா."

"வச்சிருக்காளா?"

"வச்சிருக்கா."

கேட்டுவிட்டு அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவள் தன் வயிற்றை அந்தப் பூச்சியின் வயிற்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அதற்கு ஏதாவது ஆனால் இவள் உடைந்துபோவாள். மூன்றாவது முறையும் அவளை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெறும் வயிற்றோடு பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆகவே உலகத்தில் எனக்கு எது ஆகாதோ, அதற்குக் காவல் இருக்க ஆரம்பித்தேன்.

அத்தைக்கு இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. ஒருநாள் நான் மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது அவள் மீன் கூடையை வைத்துவிட்டு கால் கழுவ உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்து துடைப்பத்தை எடுத்தாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி, பாத்ரூம் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அத்த, வாணாம். அடிக்காத."

"நீ அடிச்சாத்தான் தோசம் மாப்ள. நான் அடிச்சா ஒண்ணியும் இல்ல. தள்ளு."

"அதுவும் வயித்துல வச்சிருக்குது அத்த."

அவள் துடைப்பத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பூச்சி என் முதுகுக்குப் பின்னால் ஓர் எட்டில் இருந்ததால், நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாடா இது கூத்து, ஒரே வூட்ல ரெண்டு புள்ளத்தாச்சியா?" என்று துடைப்பத்தைப் போட்டாள். கட்டிலில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்காதடி, தையல் பிரிஞ்சுடும் என்று அத்தை அவளையும் அதட்டினாள்.

நாட்கள் போகப் போக அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க முடிந்தது. அது எதுவும் தின்னவில்லை. பக்கத்திலேயே கரப்பான் போனாலும் திரும்பவில்லை. வட்டை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் ஒரே இடத்தில் கிடந்து மெலிந்தது. நான் உள்ளே போகும்போது, "நான்தான், பயப்படாத" என்று சொல்லிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. யாருக்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

வைகாசி முடியப்போகிற ஒரு சாயங்காலம். கையெல்லாம் நீலப் பெயிண்டோடு வந்து கால் கழுவ உள்ளே போனேன். பூச்சி குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி இருந்தது. வயிற்றுக்கு அடியில் ஒன்றுமில்லை. வட்டு கீழே, தண்ணீர் போகிற ஓட்டைப் பக்கம் நனைந்து கிடந்தது. அதில் எறும்பு மொய்த்திருந்தது.

சட்டென்று வட்டைக் கிள்ளி எடுத்து, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போட்டேன். குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிய இவள் இன்னும் இருக்கிறாள். வெறும் வயிற்றோடு இவளைப் பார்த்தால் மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிடும். மக்கை எடுத்துக் கவிழ்க்கப் பார்த்தேன். குழாய் இடித்தது, மக்கு சுவரில் பொருந்தவில்லை. பேப்பரும் இல்லை.

"மாமா, நான் வரட்டுமா?" என்று மனைவியின் குரல். செருப்புச் சத்தமும் கேட்டது.

இரண்டு கையையும் குவித்து அதன்மேல் வைத்தேன்.

அது திமிறும், கடிக்கும், கையில் ஓடும் என்று இத்தனை வருடமாக எதை எதையோ நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உலர்ந்த வாழைநார் பட்டதுபோல உள்ளங்கையில் லேசாகப் பட்டது. அவ்வளவுதான். உடம்பு முழுக்க மயிர் எழுந்து நின்றது, ஆனால் கை திறக்கவில்லை. கதவை முழங்கையால் தள்ளி வெளியே வந்தேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா கையில?"

"பெயிண்ட்டு. ஒட்டிக்கும், நவுறு."

கொல்லைப் பக்கம் போய் முருங்கை மரத்தடியில் கையைத் திறந்தேன். அது உடனே ஓடவில்லை. பலமில்லையோ என்னவோ, நீலக் கறை படிந்த உள்ளங்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. என்னால் உதறவும் முடியவில்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்தும் தோற்றுப்போனவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தில் கையை வைத்ததும் மெதுவாக இறங்கி, பட்டைக்குள் போய் மறைந்தாள்.

உள்ளே வந்தபோது மனைவி கட்டிலில் படுத்திருந்தாள்.

"இருக்காளா?"

"பொரிச்சுட்டா. குஞ்செல்லாம் ஜன்னல் வழியா போயிடுச்சு. அவளும் போயிட்டா."

"நல்லதாப் போச்சு" என்றாள். அன்று ராத்திரி வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாள். பொய் பலித்தது என்று எனக்கு நிம்மதி. நிம்மதி என்றால் பாதிதான். மீதிப் பாதியில் அந்த எறும்பு மொய்த்த வட்டு கிடந்தது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன பிறகும், ஒவ்வொரு முறை கரைக்குத் திரும்பும்போதும் போனில் என்ன சேதி இருக்குமோ என்று எனக்கு நெஞ்சு அடிக்கும்.

புரட்டாசி கடைசியில் மகள் பிறந்தாள். குறை மாதமில்லை, குறையெதுவும் இல்லை. துறைமுகமே கேட்கிற குரல்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளிக் கயிற்றில் ஒரு எட்டுக்கால் பூச்சி இறங்கிக்கொண்டிருந்தது. சின்னதுதான். நான் கையைக் குவித்துப் பிடித்து, கொல்லையில் விட்டுவிட்டு வந்தேன். இப்போதும் மயிர் எழுந்து நிற்கும். ஓடுவது மட்டும் இல்லை. மனைவி துணி மடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்னிக்கு மத்தியானமே பாத்துட்டேன் மாமா."

"எத?"

"கீழ வுழுந்து கெடந்துச்சே, அத. நீ பெயிண்ட் அடிக்கப் போயிருந்த."

அவளே சொன்னாள்.

"குனிஞ்சு எடுக்கலாம்னா குனியக் கூடாது. அம்மாகிட்ட சொன்னா சாரம் பூரா சொல்லிடும். நீ வந்து பாத்தா இன்னா ஆவியோன்னு படுத்துக்கினு பயந்துக்கினே இருந்தேன். நீதான மாமா அது மேல உசுர வச்சிருந்த. 'வச்சிருக்கா'ன்னு சொல்லும்போது உன் மொகம் எப்பிடி இருக்கும் தெரியுமா? அதுக்குத்தான் தெனம் கேப்பேன்."

"அப்ப நான் பொரிச்சுட்டான்னு சொன்னது?"

"பொய்னு தெரியாதா?" என்று மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "கைய மூடிக்கினு போனியே, வெரல் சந்துல ஒரு கால் வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு. அதப் பாத்துட்டேன். நீயா கையால புடிச்சிருக்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல. இந்தப் புள்ள தங்கும்னு அன்னிக்கே தெரியும்."

தூங்குகிற பிள்ளையின் தூளியை ஆட்டுகிறவன்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.