கஞ்சி ஊற்றிப் பிசைந்த பிளாஸ்டிக்

கொல்லங்கோட்டில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், த்ரீ-டி பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை தயாரிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய களிமண் துகளைச் சீராகக் கலந்தால் பிளாஸ்டிக் உறுதிப்படும் என்று நிறையப் படித்திருந்தேன். படிப்பதில் எனக்கு எப்போதும் குறை கிடையாது, செய்வதில்தான்.

என் மனைவியின் தம்பிக்குக் கதிரடிக்கும் இயந்திரத்தில் வலது கை விரல்கள் போய்விட்டன. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு டிராக்டர் ஸ்டியரிங்கைப் பிடிக்க அவனுக்கு ஒரு கொக்கி வேண்டும். அதுவும் உழவுக்கு முன். தன் வயலை வேறொருவன் உழுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

களிமண் பொடியும், உருக்குவதற்கான பிளாஸ்டிக் மணிகளும் பாகப்பிரிவினை முடிந்த பங்காளிகளைப் போல ஒட்டாமல் நின்றன.

"ஏனுங்க மச்சான், வெத நெல்லுக்கு உரப்பொடிய எப்படிங்க ஒட்ட வெக்கிறோம்? ஆறுன கஞ்சிய ஊத்திப் பெசஞ்சு நெழல்ல காய வெச்சாப் போச்சு!" என்றான் அவன்.

எனக்குப் புல்லரித்தது. பிசைந்தோம். ஒவ்வொரு மணியும் திருநீறு பூசிக்கொண்டது.

"ரெண்டு பேரும் பலகாரமா சுடறீங்க?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள் மனைவி.

இழை வந்தது, கொக்கியும் வந்தது. கொட்டகை வாசலில் நின்ற டிராக்டரில் ஏறி அவன் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கொக்கி டப்பென்று ஒடிந்தது. ஒடிந்த இடமெங்கும் கஞ்சியின் ஈரம் ஆவியாகிப்போன பொத்தல்கள். நடுவே வெள்ளையாக ஒரு கட்டி. மணியின் மேல் அழகாக ஒட்டிய பொடி உள்ளே பரவவேயில்லை.

"அக்காகிட்டச் சொல்லீராதீங்க" என்றான்.

கஞ்சியைக் கைவிட்டேன். பொடியையும் மணிகளையும் காயவைத்து, உருக்கி, இழுத்து, நறுக்கி, மறுபடியும் உருக்கினேன். லென்ஸ் வைத்துப் பார்த்த துண்டுகளில் கட்டி இல்லை. பார்க்காததைப் பற்றி என்ன சொல்வது? அந்த இழையில் புதுக் கொக்கி ஒன்று செய்தேன். மழை இறங்கி, பக்கத்து வயல்களில் உழவு தொடங்கிய காலையில் அவன் வந்து நின்றான்.

"இந்தக் கொக்கிக்குள்ளயும் கட்டி இருக்குமாங்க?"

"அறுத்துப் பாத்தாத்தான் தெரியும், மாப்ள."

"அறுத்துப்போட்டா நான் எதைய மாட்டீட்டு ஓட்டறதுங்க?"

மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். நானும் ஏறி மட்கார்டில் உட்கார்ந்தேன். கொக்கி ஒடிந்தால் ஸ்டியரிங்கை எட்டிப் பிடிப்பதாக ஏற்பாடு. எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். வாய்க்கால் வளைவு வந்தபோது அவன் கொக்கியால் ஸ்டியரிங்கை வளைத்தான்; நான் ஒரு கையை அதன் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டேன்.